மூன்றாம் நம்பர் பொடியும் அட்டைப்பெட்டிக்குள் இருந்த காகிதமும்

சென்ற மாதம் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் அவளை அப்போதுதான் திட்டி முடித்திருந்தார்.

"சார், நீங்களும் பார்மசிஸ்டா இருந்தவர்தானே? நீங்களே சொல்லுங்க. ஒரு அம்மா முதுகுவலிக்கு மாத்திரை கேட்டாங்க. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுறதா சொன்னாங்க. ரெண்டும் சேர்ந்தா வயித்துல ரத்தக்கசிவு வரலாம்னு, அவங்க டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷம் ஆச்சு. கூட்டம் நின்னுச்சாம். ஒரு வலிமாத்திரைக்கு இத்தனை விசாரணையான்னு கேக்குறார். நான் செஞ்சது தப்பா?"

"தப்பே இல்லம்மா" என்றேன்.

"உங்க காலத்துலயும் இப்படிக் கேட்டுத்தான் கொடுப்பீங்களா?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவளுக்குச் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, கம்பவுண்டர் படிப்புப் படித்து, ஐம்பதுகளின் நடுவில் திருச்சி டவுனில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். முதல் வருடம் புட்டி கழுவினேன். இரண்டாம் வருடம் லேபிள் எழுதினேன். மூன்றாம் வருடம்தான் தராசைத் தொட விட்டார்கள்.

விட்டவர் மாணிக்கம் சார். கடைக்கு முதலாளி வேறொருவர். ஆனால் மருந்து கலக்கும் அறைக்கு மாணிக்கம் சார்தான் எல்லாம். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்து, அவிழாமலிருக்க நாடா கட்டியிருப்பார். தராசைக் கையில் பிடித்திருக்கும்போது பேச மாட்டார். முதலாளியே கூப்பிட்டாலும் இடதுகைச் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டுவார். பொறு என்று அர்த்தம். ஒரு மருந்தின் பெயரை மூன்று முறை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, நிறுக்கும்போது ஒரு முறை, திரும்ப வைக்கும்போது ஒரு முறை. அதுவும் வாய்விட்டு. டாக்டர் சீட்டு வந்தால் முன்பக்கம் படிப்பார், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், மறுபடி முன்பக்கம் படிப்பார்.

ஒருநாள் ஒரு கைக்குழந்தைக்கு மருந்துச் சீட்டு வந்தது. எண்ணுக்கு நடுவே இருக்க வேண்டிய புள்ளி மசியில் கரைந்து போயிருந்தது. குழந்தையின் தகப்பனை உட்காரச் சொல்லிவிட்டு, மாணிக்கம் சார் உச்சி வெயிலில் அந்த டாக்டர் வீட்டுக்கே நடந்து போனார். அரைமணி நேரம் கழித்துத் திருத்திய சீட்டோடு வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு புள்ளி, தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவரைத் தவிர வேறு யாரையும் நான் முழு மருந்தாளுநர் என்று நினைத்ததில்லை.

ஆனால் அவருக்கும், அவரிடம் படித்த எனக்கும், ஒரு குருட்டுப் பக்கம் இருந்தது. டாக்டர் சீட்டோடு வந்தால்தான் அது எங்களுக்கு மருந்து. சீட்டில்லாமல் வாங்கிப் போனால் அது வெறும் சரக்கு.

அப்படிப்பட்ட சரக்குகளில் பேர்போனது மூன்றாம் நம்பர் பொடி. மாணிக்கம் சாரே சேர்மானம் வகுத்த, எங்கள் கடையின் சொந்தத் தயாரிப்பு. முதல் நம்பர் வயிற்றுக்கு, இரண்டாம் நம்பர் இருமலுக்கு, மூன்றாம் நம்பர் ஜலதோஷத்தோடு வரும் தலைவலிக்கு. ஆஸ்பிரின், பினாசிடின், கொஞ்சம் காப்பீன், மூக்கடைப்பு விலகுவதற்கு அரை குன்றிமணி எடைகூட வராத எபிட்ரின். இவற்றைக் கல்வத்தில் அரைத்து, சலித்து, வேளைக்கு ஒன்றாக வெள்ளைத் தாளில் மடிப்போம். மடித்தவன் தன் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் தாளின் மூலையில் எழுத வேண்டும். என் பெயர் ராமையா. என் பொட்டலத்தில் 'ரா' இருக்கும். பொன்மலை ஒர்க்ஷாப் ஆட்களும், பள்ளிக்கூட வாத்தியார்களும், மார்க்கெட் வியாபாரிகளும் வந்து "ரெண்டு மூணாம் நம்பர் கொடுப்பா" என்று கேட்டு வாங்குவார்கள். சிலர் கடையிலேயே தண்ணீர் வாங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு போவதும் உண்டு. யாரையும் எதுவும் கேட்டதில்லை. பெயர்கூடக் கேட்டதில்லை.

அப்படி வாங்குகிறவர்களில் ஒருவரை நாங்கள் 'டிரேசர் சார்' என்போம். பொன்மலை ஒர்க்ஷாப்பின் டிராயிங் ஆபீசில் இயந்திரங்களின் வரைபடங்களை மெல்லிய தாளில் மசியால் படியெடுப்பது அவருக்கு வேலை. நாற்பது வயதிருக்கும். சைக்கிளில் போவார், வருவார். மழைக்காலத்தில் மூக்கடைப்பு வந்தால் எங்கள் கடைக்கு வருவார். ஒருமுறை பொட்டலத்தின் மூலையில் இருந்த என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க கோடு கொஞ்சம் சாயுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வருடக்கணக்காக மூன்றாம் நம்பர் சாப்பிட்டவர். ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

அறுபதுகள் பிறந்த சமயத்தில் புதிதாக ஓர் அம்மாள் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான். மாதம் பிறந்ததும் வருவார். கையில் ஒரு மதராஸ் டாக்டரின் சீட்டு. மனநோய்க்குப் பார்க்கும் டாக்டர். எழுதியிருந்தது அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரை. மனது இருண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் படுத்துவிடுகிறவர்களை எழுப்பி உட்கார வைக்கிறது என்று டாக்டர்கள் வியந்து பேசிக்கொண்டிருந்த மருந்து. இந்த வகையில் முதலில் வந்ததைக் காசநோய்க்காகத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தெம்பாகி உற்சாகமாவதைப் பார்த்துத்தான் இதற்குத் திருப்பினார்கள் என்று மாணிக்கம் சார் எனக்குச் சொல்லியிருக்கிறார். திருச்சியில் அதைக் கேட்பவர்கள் அபூர்வம். எங்கள் கடை மதராஸிலிருந்து பார்சலில் வரவழைத்தது.

"யாருக்கும்மா?" என்று மாணிக்கம் சார் முதல் தடவை கேட்டார்.

"எங்க அண்ணனுக்குங்க. துறையூர்ல இருக்காரு."

சீட்டில் பழனிவேல் என்று பெயர் இருந்தது. மாணிக்கம் சார் வழக்கம்போல் முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம் படித்தார். நூறு மாத்திரை கொண்ட பெரிய புட்டி ஓர் அட்டைப்பெட்டிக்குள் வந்திருந்தது. அதிலிருந்து மாதத்துக்கு வேண்டியதை ஒரு சிறிய பழுப்புப் புட்டியில் நான் எண்ணிப் போட்டேன். அவர் மறுபடி எண்ணினார். லேபிள் ஒட்டி அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அட்டைப்பெட்டியோடு, அதற்குள் மடித்து வைத்திருந்த அச்சடித்த காகிதமும் எங்கள் அலமாரியிலேயே இருந்துவிட்டது. அப்படித்தான் எல்லா மருந்துக்கும் செய்வோம். அந்தக் காகிதங்கள் டாக்டர்களுக்கு என்பது எங்கள் எண்ணம்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. அந்த அம்மாள் தவறாமல் வந்தார். நாளாக ஆக அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "அண்ணன் எப்படி இருக்காரும்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "இப்ப வேலைக்குப் போறாருங்க. ராத்திரி தூங்குறாரு. புள்ளைங்களோட பேசுறாரு" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஐப்பசி மாதம். விடாத தூறல். சனிக்கிழமை, அரைநாள் வேலை. மதியம் ஒரு மணிக்கு டிரேசர் சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்குள் வந்தார். வெகுநாள் கழித்து வந்திருந்தார். முன்னைவிடச் சற்று இளைத்திருந்தார். ஆனால் நல்ல தெம்பு.

"மூணாம் நம்பர் மூணு கொடுங்க தம்பி. தலை விண்ணுனு இருக்கு."

கொடுத்தேன். ஒன்றைப் பிரித்து நாக்கில் கொட்டிக்கொண்டார். நான்தான் தம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, மீதி இரண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையைச் சட்டைக் காலரின் பின்புறம் மாட்டி, சைக்கிளேறி ஸ்ரீரங்கம் பக்கமாகப் போனார்.

மாலை நாலு மணி இருக்கும். ஒரு ஜட்கா வண்டி கடைக்கு முன்னால் வந்து நின்றது. அந்த அம்மாள் அதிலிருந்து குதித்து ஓடி வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"ஐயா, உங்க மாத்திரையில ஏதாவது மாத்திக் கொடுத்துட்டீங்களா? அவருக்கு என்னமோ ஆகுதுங்க. தலை வெடிக்குது, பின்மண்டையில சம்மட்டியால அடிக்கிற மாதிரி இருக்குங்குறாரு. வாந்தி நிக்கலை. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். வழியில உங்களைக் கேக்கலாம்னு..."

"துறையூர்லேருந்தா கூட்டிட்டு வர்றீங்க?" என்று மாணிக்கம் சார் கேட்டார்.

"துறையூர் இல்லீங்க. ஸ்ரீரங்கத்துலதான் இருக்கோம். அண்ணன் இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு." அவர் அழ ஆரம்பித்தார். "ஆபீசுல தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லி வேலையை விட்டு எடுத்துடுவாங்கன்னு பயந்தாருங்க. அதான் ஆத்தைத் தாண்டி வந்து உங்ககிட்ட வாங்கினேன்."

நான் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

வைக்கோல் மெத்தையில் சாய்ந்து கிடந்தவர் டிரேசர் சார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் இரு கையாலும் பின்கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

பழனிவேல் என்ற பெயரை ஆறு மாதமாக லேபிளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த முகத்தை ஆறேழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே ஆள் என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"வேற என்ன சாப்பிட்டாரும்மா?" என்று கேட்டேன்.

"வேற ஒண்ணுமில்லைங்க. வீட்டுக்கு வந்ததும் தலைவலி ஜாஸ்தியாச்சுன்னாரு. இந்தப் பொடி ஒண்ணு இருந்துச்சு, போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறந்தான் ரொம்ப மோசமாயிடுச்சு."

கையை விரித்துக் காட்டினார். கசங்கிய வெள்ளைத் தாள். மூலையில் 'ரா'.

வண்டிக்காரர் குதிரையைத் தட்டினார். வண்டி ஆஸ்பத்திரியை நோக்கிப் போயிற்று. நான் திரும்பிப் பார்த்தபோது மாணிக்கம் சார் அலமாரியைத் திறந்து, அந்த அட்டைப்பெட்டியை எடுத்து, உள்ளே இருந்த காகிதத்தை விரித்துக்கொண்டிருந்தார். பொடி எழுத்து இங்கிலீஷ். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் மறுபடியும் அதே இடத்தைப் படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை.

நான் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எபிட்ரினும் அதன் இனத்தைச் சேர்ந்தவையும் கொடுக்கக் கூடாது, ரத்த அழுத்தம் அபாயமாக ஏறும் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் இன்னொரு மருந்தின் பெயர்: பெத்திடின். அதைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று தடித்த எழுத்தில் இருந்தது.

எபிட்ரின் விஷயத்தில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. ஆனால் பெத்திடின் என்பது ஆஸ்பத்திரிகளில் தாங்க முடியாத வலிக்குப் போடுகிற ஊசி. மண்டை வெடிக்கிறது என்று அலறிக்கொண்டு போகிறவருக்கு முதலில் என்ன போடுவார்கள்?

"சார், பெத்திடின் போட்டுடுவாங்க" என்றேன்.

மாணிக்கம் சார் அசையவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து வந்தார். "என்ன மாணிக்கம்? எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க. நாம போய் மாட்டிக்க வேணாம்" என்றார்.

மாணிக்கம் சாரின் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரிடம் அதற்கு முன் எதையும் நான் அப்படி வாங்கியதில்லை. சைக்கிளை எடுத்தேன். பிரேக் பிடிக்காத சைக்கிள். தூறலில் மூக்குக்கண்ணாடி மங்கி, எதிரில் வந்த பஸ் எங்கே திரும்புகிறது என்று தெரியாமல், மணியடித்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் அந்தத் தம்ளர்தான் கண்ணுக்குள் நின்றது. நான் மொண்டு கொடுத்த தண்ணீர்.

வார்டுக்குள் ஓடினேன். கட்டிலில் அவர் புரண்டுகொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் ஓர் அம்மாள்; ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் முன்னால் குனிந்திருந்தார். பாதரசம் இருநூற்று ஐம்பதைத் தாண்டி நின்றது. நர்ஸ் சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து ஊசியில் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அது பெத்திடினா சிஸ்டர்? போடாதீங்க!" என்று கத்தினேன்.

"யார் நீங்க? வெளியே போங்க" என்றார் டாக்டர்.

"மருந்துக்கடை கம்பவுண்டர் மேடம். இவர் ஆறு மாசமா இந்த மாத்திரை சாப்பிடுறார். அதுக்கு மேல எங்க கடைப் பொடி ரெண்டு. அதுல எபிட்ரின் இருக்கு. நான்தான் கொடுத்தேன். இதைப் படிங்க."

நனைந்த காகிதத்தை அவர் முன்னால் நீட்டினேன். அவர் என்னை முறைத்தார். பிறகு வாங்கிப் படித்தார். படித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், இடதுகையை நர்ஸ் பக்கம் நீட்டி நிறுத்தினார். ஊசி அப்போது கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. இன்றைக்கும் அந்த ஒரு முழத்தை என்னால் கையால் அளந்து காட்ட முடியும்.

"இந்த மாத்திரையைப் பத்தி நீங்க ஏம்மா சொல்லலை?" என்று டாக்டர் பழனிவேலின் மனைவியைக் கேட்டார்.

மரகதம், அதுதான் அந்த அம்மாள் பெயர், பக்கத்துக் கட்டில்களைப் பார்த்தார். வார்டு நிறைய ஆட்கள். "சொல்லலாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேங்க" என்றார்.

டாக்டர் வேறொரு ஊசியைக் கொண்டுவரச் சொன்னார். ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்குகிற மருந்து. பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முனகல் அடங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மூச்சுவிட்ட நேரத்தில், டாக்டர் அவரைக் கையைத் தூக்கச் சொன்னார். இடதுகை எழுந்தது. வலதுகை மெத்தையிலிருந்து நாலு விரற்கடை எழுந்து விழுந்துவிட்டது. மண்டைக்குள் எங்கோ ஒரு சின்ன ரத்தக் குழாய் அதற்குள் உடைந்திருந்தது.

கோடு போட்டுப் பிழைத்த கை அது.

மறுநாள் காலை மாணிக்கம் சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதலாளி வேண்டாம் என்று சொல்லியும் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மரகதத்தம்மாளிடம் சொன்னார்:

"அம்மா, அந்தப் பொடி நான் வகுத்த சேர்மானம். மாத்திரையும் எங்க கடையில கொடுத்ததுதான். ரெண்டும் சேரக் கூடாதுன்னு பெட்டிக்குள்ள அச்சடிச்சே இருந்துச்சு. நான் படிக்கலை."

அந்த அம்மாள் அவரை நம்ப முடியாதவர் போல் பார்த்தார்.

"படிக்கலையா? டாக்டர் சீட்டை ஒவ்வொரு மாசமும் திருப்பித் திருப்பிப் பாப்பீங்களே. உங்க கையில வாங்குனா தப்பு நடக்காதுன்னு நான் நினைச்சேனே."

மாணிக்கம் சார் தலை குனிந்து நின்றார். அந்த அம்மாளே மெதுவாக, "அண்ணனுக்குன்னு பொய் சொன்னது நானு" என்றார். கட்டிலில் இருந்தவர் குளறலாக எதையோ சொன்னார். குனிந்து கேட்டோம். "மதராஸ் டாக்டர் சொன்னாரு. என்னைக் கேக்காம வேற மருந்து எதுவும் சாப்பிடாதேன்னு. பொடி மருந்துன்னு எனக்குத் தோணவே இல்லை."

எங்களுக்கும் தோணியதில்லையே.

திங்கட்கிழமை மாணிக்கம் சார் மூன்றாம் நம்பர் பொடியில் மிச்சமிருந்த அத்தனையையும், முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, புறக்கடைச் சாக்கடையில் கொட்டினார். முதலாளி குதித்தார். "ஒருத்தருக்கு ஆனதுக்கு ஊருக்கே நிறுத்தணுமா?" என்றார். மாணிக்கம் சார் சுண்டுவிரலைக்கூட உயர்த்தவில்லை. கொட்டி முடித்து, ஜாடியைத் தானே கழுவிக் கவிழ்த்தார். அதன்பின் பத்து நாள், கடை சாத்திய நேரத்திலெல்லாம் அலமாரியில் இருந்த ஒவ்வோர் அட்டைப்பெட்டியையும் திறந்து, உள்ளே இருந்த காகிதங்களை நாங்கள் இருவரும் படித்தோம். எதோடு எது சேரக் கூடாது என்று அவர் சொல்ல, நான் எழுதினேன். எழுத எழுத எனக்குப் பயம் ஏறியது. இத்தனை நாள் எத்தனை பேருக்கு என்னென்ன கொடுத்தோமோ.

கவுண்டரில் நின்று மருந்து கொடுக்கும் எங்கள் எல்லோருக்கும் மாணிக்கம் சார் ஓர் உத்தரவு போட்டார். தலைவலிப் பொடியோ, ஜலதோஷ மாத்திரையோ, எது கேட்டு வந்தாலும் முதலில் ஒரு கேள்வி: வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? நான் அதை விடாமல் கேட்டேன். உரக்கக் கேட்டேன். மக்கள் "இல்லைப்பா" என்பார்கள், வாங்கிப் போவார்கள். நான் ஒரு காவல்காரனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தைப்பொங்கல் கழிந்து பழனிவேல் சார் கடைக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார், சைக்கிள் ஓட்ட முடியவில்லை. வலதுகை அசைந்தது, ஆனால் பேனா பிடித்தால் நடுங்கியது. டிராயிங் ஆபீசிலிருந்து ரெக்கார்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். மதராஸ் டாக்டர் வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அவரே நேராகக் கொண்டுவந்து நீட்டினார். "இனிமே ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை தம்பி. ஆபீசுல எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூசினேன். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "இப்பல்லாம் யார் வந்தாலும் கேட்டுட்டுத்தான் சார் கொடுக்குறோம்" என்றேன்.

அப்போதே ஒருவர் தலைவலி மாத்திரை கேட்டு வந்தார். பழனிவேல் சார் பார்க்கட்டும் என்று, "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கணீரென்று கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற இரண்டு பேரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லை" என்றார்.

அந்த ஆள் போனதும் பழனிவேல் சார் சொன்னார்:

"தம்பி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க இப்படிக் கேட்டிருந்தாலும் நான் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கு எனக்கு ரெண்டு ஆள் தள்ளி எங்க ஆபீஸ் ஹெட் கிளார்க் இருமல் மருந்து வாங்கிக்கிட்டு நின்னாரு."

ஆஸ்பத்திரியில் அந்தப் பாதரசத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி உறைக்கவில்லை. மூன்று மாதமாக நான் கேட்டது கேள்வியே இல்லை. பொய் சொல்லும்படி ஒவ்வொருவரையும் நானே நெருக்கியிருக்கிறேன்.

அவர் போனதும் மாணிக்கம் சாரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து, மருந்து கலக்கும் அறைக்கு யாரையும் விடாதபடி குறுக்கே கிடந்த பலகையைத் தூக்கி ஓரமாக வைத்தார். உள்ளே ஒரு முக்காலியைப் போட்டார். "இனிமே இங்க கூப்பிட்டுக் கேளுங்க. மெதுவா கேளுங்க" என்றார்.

மறுநாள் எபிட்ரின் கலந்த ஜலதோஷ மாத்திரைக்கு வந்தவர் ஒரு வெல்லமண்டிக்காரர். ஊருக்கெல்லாம் தெரிந்த ஆள். கடைக்குள் நுழையும்போதே அவர் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கும். அந்த மூன்று மாதத்தில் முதல் நம்பர் வயிற்றுப் பொடிக்கு அவர் வந்தபோதெல்லாம் நானே அவரிடம் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் அவர், "எனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கேன், மாத்திரை எதுக்கு?" என்று எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கிறார். அன்று, "ஒரு நிமிஷம் உள்ளே வாங்க ஐயா" என்று கூப்பிட்டேன். முக்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வேட்டி மடிப்பை அவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு வருஷமா சாப்பிடுறேன். மதராஸ்லேருந்து நேரா தருவிக்கிறேன். எங்க வீட்டுல உள்ளவங்களுக்குக்கூடத் தெரியாது" என்றார்.

பழுப்புப் புட்டி. அதன் லேபிளை, புட்டியைக் கையில் எடுக்கும்போது ஒரு முறையும், வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறையும், கீழே வைக்கும்போது ஒரு முறையும் படித்தேன். பழனிவேல் சார் சாப்பிட்ட அதே மாத்திரை.